‘உங்ககிட்ட போய்க் காசா?’



போன மாதம் எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் உள்ளே ஒரு ஒயர் கூடை. மாம்பழ மஞ்சளும் கரும்பச்சையும் கலந்து, சிவன் கண் வைத்துப் பின்னியது. மேஜையில் வைத்துப் பார்த்தேன். அடிப்பாகம் கொஞ்சமும் ஆடவில்லை. கூடை பின்னத் தெரிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். முதல் நாலு வரிசையில் இழுப்பு கொஞ்சம் பிசகினாலும் கூடை ஆயுள் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்கும்.

கூடைக்குள் ஒரு கடிதம் இருந்தது. எழுதியவர் மணப்பாறைப் பக்கத்துக் கிராமத்துத் தோழி. “எட்டு வருஷமாகப் பின்னுகிறேன். எங்கள் தெருவில் என் கூடை இல்லாத வீடு கிடையாது. ஆனால் கையில் காசு நின்றதே இல்லை. கைத்திறமையை வைத்துத் தொழில் செய்யலாம், செய்யலாம் என்று உங்கள் பத்திரிகையில் எழுதுகிறீர்கள். எப்படி என்று யாரும் சொல்லவில்லையே?”

அந்தக் கடைசி வரியை இரண்டு மூன்று முறை படித்தேன். அவர் கேட்டது நியாயம். ஜெயித்த பெண்களின் படத்தைப் போடுகிறோம், விருது வாங்கிய மேடையைப் போடுகிறோம். ஒரு பொருளுக்கு என்ன செலவாயிற்று, எத்தனை மணி நேரம் பிடித்தது, கையில் என்ன மிஞ்சியது என்ற மூன்று கேள்வியையும் பெரும்பாலும் கேட்காமலே விட்டுவிடுகிறோம். அதற்காகத்தான் இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கடிதத்தில் போன் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன். நலம் விசாரித்துவிட்டு, “கூடை என்ன விலைம்மா?” என்றேன்.

“ஐயோ அக்கா, உங்ககிட்ட போய்க் காசா?”

“சரி, எனக்கு வேண்டாம். வேற ஒருத்தர் கேட்டா?”

“முந்நூறு ரூபா.”

“ஏன் முந்நூறு?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “எல்லாரும் அப்படித்தான் வாங்குறாங்க அக்கா.”

இரண்டு பேரும் போனிலேயே கணக்குப் போட்டோம். மூன்று கட்டு ஒயர், கைப்பிடிக்கான சாமான் எல்லாம் சேர்த்து 190 ரூபாய். ஒயரை அளந்து வெட்டி, அடி போட்டு, சுற்று ஏற்றி, கைப்பிடி முடித்து, நுனிகளை உள்ளே செருகும்வரை 9 மணி நேரம். 300 ரூபாயில் 190 போனால் மீதி 110. ஒன்பது மணி நேரத்துக்கு 110 என்றால் மணிக்கு 12 ரூபாய் சொச்சம். ஒயர் வாங்க டவுனுக்குப் போய்வந்த பஸ் செலவை இன்னும் கழிக்கவே இல்லை. 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அவ்வளவு நேர்த்தியாகப் பின்னுகிற கைக்கு ஒரு நாள் முழுக்க உழைத்து அதில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்திருக்கிறது.

“இப்படி எண்ணிப் பார்த்ததே இல்லக்கா” என்றார். குரல் தணிந்துவிட்டது.

என் அம்மாவும் எண்ணிப் பார்த்ததில்லை. ஜாக்கெட் தைப்பார். தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடக்க இடமிருக்காது. ராத்திரி இரண்டு மணிக்கும் மிஷின் சத்தம் கேட்கும். வந்து வாங்கிக்கொண்டு போகிறவர்கள் “பொறவு தாரேன் மதினி” என்பார்கள். அம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். அந்தப் ‘பொறவு’களை எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தார். அம்மா போன பிறகு அலமாரியில் அந்த நோட்டு கிடைத்தது. பாதிக்கு மேல் அடிக்கப்படாத கணக்கு. அம்மா ஏமாளி இல்லை. மளிகைக் கடையில் எட்டணா குறைந்தாலும் கேட்டு வாங்குவார். தன் கைவேலைக்குக் காசு கேட்பதென்றால் மட்டும் வாய் எழாது.

இது ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கோலம் போடவும் பூக்கட்டவும் மருதாணி வைக்கவும் கூடை பின்னவும் நாம் பள்ளிக்கூடம் போய்ப் படிக்கவில்லை. பாட்டி மடியிலும் பக்கத்து வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து கற்றுக்கொண்டோம். பிரியமாக வந்த வித்தைக்கு விலை சொன்னால் பிரியமே குறைந்துவிடும் என்கிற கூச்சம் உள்ளே இருக்கிறது. ஆசாரி வீட்டுக்குள் காலை வைத்ததும் கூலி பேசிவிடுகிறார், அவரை யாரும் தப்பாக நினைப்பதில்லை. நம் கையின் ஒரு மணி நேரத்துக்கு நாமே ஒரு விலை வைக்காதவரை ஊரில் யாரும் வைக்கப் போவதில்லை, தோழிகளே. லோன், லோகோ, இன்ஸ்டாகிராம் எல்லாம் அதற்குப் பின்னால் வருகிறவை.

அன்றைக்கு நாங்கள் மணிக்கு 50 ரூபாய் என்று வைத்தோம். எட்டு மணி நேரத்துக்கு 400. நூறு நாள் வேலையைவிடக் கொஞ்சமாவது மேலே நிற்க வேண்டும் என்பதுதான் கணக்கு. அப்படிப் பார்த்தால் அந்தப் பெரிய கூடையை 300 ரூபாய்க்குக் கொடுக்கவே முடியாது. அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. தெருவில் யாரும் அந்த விலைக்கு வாங்கமாட்டார்கள் என்றார் அவர். வாங்கமாட்டார்கள்தான். நன்றாகச் செய்யத் தெரிந்த பொருள் எல்லாமே தொழிலுக்கு ஆகிவிடாது. தெருவுக்குப் பின்னுகிற பெரிய கூடையை அன்பளிப்பாகக் கொடுங்கள், கொடுப்பது அன்பளிப்பு என்று தெரிந்தே கொடுங்கள். தொழிலுக்கு அதே முடிச்சில் வேறு பொருள் தேட வேண்டும்.

எங்கே தேடுவது? நம் மண்ணிலேயே வழி காட்டியவர்கள் இருக்கிறார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது செட்டிநாட்டுக் கொட்டான். பனங்குருத்தோலையைக் காயவைத்து, நாராகக் கிழித்து, சாயம் ஏற்றி முடைகிற சிறு பெட்டி. ஒரு காலத்தில் நகரத்தார் வீட்டு ஆச்சிமார் தங்கள் வீட்டு விசேஷங்களுக்குத் தாங்களே முடைந்தார்கள். சீர் வைக்கவும் பலகாரம் கொடுக்கவும் கொட்டான்தான். குடும்பங்கள் ஊரைவிட்டு நகரங்களுக்கும் கடல் கடந்தும் போனபோது முடைகிற கையும் குறைந்தது. பழைய கொட்டான்கள் பெரிய வீடுகளின் அறைகளில் பூட்டிக் கிடந்தன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் விசாலாட்சி ராமசாமி அவர்கள் நடத்தும் எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை அந்தக் கொட்டான்களை வெளியே எடுத்து, சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்களுக்கு அந்த முடைவைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியது. பிறகு யுனெஸ்கோவின் தர முத்திரை கிடைத்தது, புவிசார் குறியீடும் கிடைத்தது.

விருதைக் காட்டிலும் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கொட்டானைக் காட்சிப் பொருளாக ஆக்கி அலமாரியில் வைத்துவிடவில்லை. அது பிறந்ததே விசேஷ வீட்டுக்கு. திரும்பவும் விசேஷ வீட்டுக்கே அனுப்பினார்கள். கல்யாண வீட்டில் தாம்பூலம் கொடுக்க இன்றைக்கு நூறு இருநூறு என்று கொட்டான் கேட்கிறார்கள். நூறும் ஒரே அளவில், ஒரே இறுக்கத்தில், மூடி சரியாகப் பொருந்தி வந்தாக வேண்டும். அந்த இடத்தில்தான் கைத்திறமை தொழிலாக மாறுகிறது. ஒன்றை அழகாகச் செய்யத் தெரிந்தவர்கள் நம்மில் ஆயிரம் பேர் உண்டு. அதையே நூறு தடவை, சொன்ன தேதிக்குள், அளவு பிசகாமல் செய்யப் பழகியவர்கள் குறைவு.

அடுத்து, தாமிரபரணிக் கரையில் பத்தமடை. கோரையை ஆற்று நீரில் ஊறவைத்து, காயவைத்து, மயிரிழை போலக் கிழித்து நெய்கிற பாய். பிளாஸ்டிக் பாய் வந்து சாதாரணக் கோரைப்பாயின் வியாபாரத்தில் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விட்டது. விலையில் பிளாஸ்டிக்கோடு யாரால் மோத முடியும்? ஆனால் மணமகன், மணமகள் பெயரைப் பாயிலேயே நெய்து தருகிறார்கள் பாருங்கள், அதைக் கடையில் தொங்குகிற எந்தப் பாயாலும் செய்ய முடியாது. எந்தப் பெயரை நெய்ய வேண்டும் என்பது ஆர்டர் வந்த பிறகுதானே தெரியும்! மெஷினோடு விலைப் போட்டிக்குப் போகாமல், மெஷின் வரவே முடியாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது அந்தப் பாய். நம் கைவேலை எதற்கும் அப்படி ஓர் இடம் இருக்கும், பொறுமையாகத் தேட வேண்டும்.

மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் பொம்மை செய்கிற குடும்பங்கள் இருக்கின்றன. புரட்டாசிக் கொலுவுக்கான பொம்மை என்றுதான் நமக்குத் தெரியும். அதே கைகள் ஆவணிக்குப் பிள்ளையாரும் கிறிஸ்துமஸுக்குக் குடில் பொம்மைகளும் செய்கின்றன. மாதா, சூசையப்பர், குழந்தை யேசு, ஆட்டுக்குட்டி, ஒட்டகம். மண் ஒன்று, அச்சு வேறு. வருஷத்தில் ஒரே ஒரு மாதம் விற்று, மீதிப் பதினோரு மாதம் காத்திருந்தால் வீடு ஓடாது என்பதை அந்த ஊர் எப்போதோ புரிந்துகொண்டது. நீங்களும் ஒரு காலண்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வட்டாரத்தில் எந்த மாதம் முகூர்த்தம் அதிகம், கோயில் கொடை எப்போது, சந்தனக்கூடு எப்போது, மாதா கோயில் திருவிழா எப்போது, அறுவடைக் காசு கையில் புழங்குவது எப்போது என்று குறித்துவையுங்கள். உங்கள் ஊரைப் பற்றிய இந்த விவரம் சென்னையிலோ டெல்லியிலோ இருக்கிற எந்தப் பெரிய கம்பெனிக்கும் உங்கள் அளவுக்குத் தெரியாது.

வட்டாரத்தை விட்டுவிட்டு எடுத்த எடுப்பிலேயே வெளிநாட்டுக்கு அனுப்ப ஆசைப்படுகிற தோழிகளுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஒயர் கூடை எடை குறைவு, இடம்தான் அதிகம் அடைக்கும். கூரியரில் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டியின் நீள அகல உயரத்தையும் அளந்து, எது அதிகமோ அதற்குப் பணம் கேட்பார்கள். காற்றுக்குக் காசு கட்டுகிற மாதிரி ஆகிவிடும். பஸ்ஸில் கையோடு கொண்டுபோய்க் கொடுக்கிற தூரத்துக்குள்ளேயே முதல் நூறு வாடிக்கையாளரைப் பிடித்துவிட்டால் அந்தச் செலவு இல்லை, திரும்பி வருகிற பொருளும் இல்லை. போட்டோ, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாம் வேண்டியதுதான். ஆனால் கல்யாண மண்டபத்து மேனேஜர், பந்தல்காரர், சமையல் கான்ட்ராக்டர் மூன்று பேருக்கும் உங்கள் பெயர் தெரிந்திருப்பது ஆயிரம் லைக்கைவிடப் பெரிது என்று நான் நினைக்கிறேன்.

அரசாங்க உதவி பற்றியும் நிறையப் பேர் கேட்டு எழுதுகிறீர்கள். 2025இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் தையல், மண்பாண்டம், பாய் முடைதல் என 25 வகைத் தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய்வரை கடனும், அதில் நான்கில் ஒரு பங்கு, அதிகபட்சம் 50 ஆயிரம், மானியமும் உண்டு என்று அறிவித்தார்கள். வயது 35 ஆகியிருக்க வேண்டும் என்றும் அப்போது சொன்னார்கள். இப்போதைய விதிமுறையை உங்கள் மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் இணையத்தில் நாமே பதிந்துவிடலாம். அதற்குப் போய் ஆயிரம், இரண்டாயிரம் என்று இடைத்தரகரிடம் கொடுத்ததாக எழுதிய கடிதங்களைப் படிக்கும்போது வயிறு எரிகிறது. புவிசார் குறியீடு கிடைத்துவிட்டால் ஆர்டர் குவியும் என்றும் நினைக்க வேண்டாம். அது ஊர்ப் பெயருக்கான வேலி. பத்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அதோடு, செய்கிறவர் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிந்துகொண்டால்தான் அந்த முத்திரையை முறைப்படி பயன்படுத்த முடியும். குறியீடு பெற்ற ஊரில் இருந்துகொண்டே இதைப் பதியாமல் இருப்பவர்கள் இந்த வாரமே விசாரியுங்கள்.

கடனைப் பற்றி என் கருத்து ஒன்று உண்டு, சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். கையில் ஆர்டர் வருவதற்கு முன்னால் கடன் வாங்காதீர்கள். கூடைக்கும் கொட்டானுக்கும் கோலத்துக்கும் முதலில் வேண்டிய மூலதனம் அட்வான்ஸ்தான். பாதிப் பணம் முன்னால் வந்தால் மூலப்பொருள் வந்துவிடும். அட்வான்ஸ் கொடுத்தவர் தேதி மாற்றமாட்டார், ‘பொறவு’ சொல்லவும்மாட்டார். இதை என் அம்மாவுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

மணப்பாறைத் தோழிக்கு வருவோம். அன்றைக்கு அவரிடம் ஒரே ஒரு வேலைதான் சொன்னேன். தாம்பூலம் வைத்துக் கொடுக்கிற அளவில் சின்னக் கூடை பின்னுங்கள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பின்னுங்கள். 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தி எறிகிற பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்ததிலிருந்து விசேஷ வீடுகளில் என்ன பையில் தாம்பூலம் கொடுப்பது என்ற கேள்வி இருக்கிறது. மஞ்சள் பை ஒரு பதில். சின்ன ஒயர் கூடை இன்னொரு பதில். ஒயரும் பிளாஸ்டிக்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், பிளாஸ்டிக்தான். ஆனால் என் மாமியார் 1990களில் வாங்கிய கூடையில்தான் இன்னமும் எங்கள் வீட்டுக்குக் காய்கறி வருகிறது.

இருபது நாள் கழித்து அவரே கூப்பிட்டார். குரலில் ஒரு அவசரம், சந்தோஷம்.

“அக்கா, மொத சின்னக் கூடைக்கு ரெண்டே முக்கா மணி நேரம் ஆச்சு. பத்தாவது கூடைக்கு ஒண்ணே முக்கா மணிதான். ஒயரை எல்லாத்துக்கும் ஒரே நாள்ல வெட்டி வச்சுட்டேன், அதுல நேரம் மிஞ்சிடுச்சு.”

கணக்கை அவரே சொன்னார். ஒயர் 45. கூலி 88. பஸ், கவர், வீணாகிற துண்டு எல்லாம் 7. ஆக 140. அதன் மேல் பத்துக்கு ஒன்று லாபம் வைத்து 155 ரூபாய். திருச்சியில் ஒரு கல்யாண வீட்டில் 60 கூடை கேட்டிருக்கிறார்கள். கடையில் 120க்குக் கிடைக்குதே என்றார்களாம்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒரே கலர்ல, கண்ணு வைக்காமப் பின்னினா சீக்கிரம் முடியும், 130க்குத் தரேன்னேன். ரெண்டு கலர்ல, உங்க பட்டுப்புடவைக் கலருக்குப் பொருத்தமா வேணும்னா 155தான்னு சொன்னேன். பொண்ணோட அம்மா புடவையவே எடுத்துக் காட்டிட்டாங்க அக்கா. அரக்கும் சந்தனமும்.”

அட்வான்ஸ் 4,650 ரூபாய் வாங்கிவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா, எதிர் வீட்டு மருமகள், டெய்லர் வீட்டுப் பெண் என்று மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ஆளுக்குப் பதினைந்து கூடை. எல்லோருக்கும் ஒரே கூலி. இழுப்பு ஒன்றுபோல இருக்கிறதா என்று மட்டும் அவர் பார்த்து, சரியில்லாததைப் பிரித்துத் திரும்பப் பின்னச் சொல்கிறார். அதில் ஒருநாள் மனஸ்தாபம் வந்து, எதிர் வீட்டு மருமகள் இரண்டு நாள் வரவில்லையாம். மூன்றாம் நாள் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டாராம்.

அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கம் ஒதுக்குகிறேன். உங்கள் கைவேலையின் கணக்கை அனுப்புங்கள். படம் வேண்டாம், விருது வேண்டாம். பொருளின் பெயர், செலவு, நேரம், விலை, யார் வாங்குகிறார்கள், யார் வாங்கவில்லை என்று எழுதுங்கள். நஷ்டக் கணக்காக இருந்தால் முதலில் அதைத்தான் போடுவேன். பெயர் வெளியிட வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள்.

போனை வைக்கப்போகும் நேரத்தில் கேட்டேன்: “எனக்கு அனுப்பின கூடைக்கு என்ன விலைம்மா?”

இந்த முறை ‘ஐயோ’ வரவில்லை. பேப்பர் புரள்கிற சத்தம் கேட்டது.

“எழுநூத்தி நாப்பது அக்கா. பார்சல் தொண்ணூறு தனி.”

அன்று சாயங்காலமே 830 ரூபாயை அனுப்பிவிட்டேன்.

அன்புடன்,
ஆசிரியர்